ஆனந்தன் ஓடுறதைப் பத்தி என்னைப் பேச விடுங்க!

2019 அக்டோபர், சீனாவில் வூகான் நகரம், உலக ராணுவ விளையாட்டுப் போட்டி. காலிழந்த வீரர்கள் பிரிவில் நூறு மீட்டரில் தங்கம், இருநூறு மீட்டரில் தங்கம், நானூறு மீட்டரில் தங்கம், மூணையும் வாங்கினது ஒரே ஆள், அந்த ஆள் நம்ம ஆள், கும்பகோணத்துக்காரர், பேரு ஆனந்தன் குணசேகரன், இந்திய ராணுவத்தில் மெட்ராஸ் சாப்பர்ஸ் படை வீரர், முழங்காலுக்குக் கீழே இடது கால் கிடையாது! சொல்லுங்க, இதைக் கேட்டுட்டு ஒரு மனுஷன் எப்படி அமைதியா உட்கார்ந்திருக்க முடியும்?

நான் உட்காரலை. ஓசூரில் ஷிப்டு முடிஞ்சு கம்பெனி பஸ்ஸில் கிருஷ்ணகிரி பக்கம் வந்துக்கிட்டு இருந்தேன், சூளகிரி தாண்டியிருக்கும், பஸ்ஸில் பாதிப் பேர் ஜன்னலில் தலை சாய்ச்சுத் தூங்கறாங்க, நான் போனைத் தள்ளிக்கிட்டே வரேன், அந்தச் செய்தி கண்ணில் பட்டுது. ‘அடிச்சுட்டான்யா!’ன்னு நான் போட்ட கூச்சலில் டிரைவர் அண்ணன் கண்ணாடியில் திரும்பிப் பார்த்தார், முன் சீட்டில் இருந்த ஆனேக்கல்காரர் ‘ஏனாய்த்து குரு?’ன்னு பதறி எழுந்தார், நான் எழுந்து நின்னு கம்பியைப் பிடிச்சுக்கிட்டு, யாரும் கேட்காமலே, பஸ்ஸுக்கே படிச்சுக் காட்டினேன்: நூறு மீட்டர் 12.00 நொடி, இருநூறு மீட்டர் 24.31, நானூறு மீட்டர் 53.35. இருநூறில் அடுத்து வந்த கொலம்பியா வீரர் ரெண்டு நொடிக்குப் பக்கமா பின்னாடி! ஓட்டப்பந்தயத்தில் ரெண்டு நொடின்னா அது வித்தியாசம் இல்லைங்க, அது தூரம், ஒரு பஸ்ஸே நடுவில் நுழையலாம்!

அந்த நம்பர் எல்லாம் வெறும் நம்பராத் தெரியுதா? இருங்க, நம்ம ஊர்க் கணக்கில் சொல்றேன். எங்க நாகரசம்பட்டியிலும் சரி, காவேரிப்பட்டணத்திலும் சரி, போச்சம்பள்ளியிலும் சரி, விடிகாலையில் மைதானத்துக்குப் போய்ப் பாருங்க, போலீஸ் செலக்‌ஷனுக்குத் தயாராகிற பசங்க பனியில் ஓடிக்கிட்டு இருப்பாங்க. அவங்களுக்குச் சில நம்பர் மனப்பாடம். நூறு மீட்டரை 15 நொடிக்குள்ளே ஓடினா ஒரு ஸ்டார், 13.50-க்குள்ளே ஓடினா ரெண்டு ஸ்டார். நானூறு மீட்டர் எடுத்துக்கிட்டா 70 நொடிக்குள்ளே வந்தாத்தான் ரெண்டு ஸ்டார். அந்த ரெண்டு ஸ்டாருக்காக இருபது வயசுப் பசங்க, ரெண்டு காலும் இரும்பு மாதிரி வச்சுக்கிட்டு, மாசக்கணக்கில் வாந்தி எடுத்து ஓடறாங்க, எனக்குத் தெரியும், என் தம்பி முறையில் ரெண்டு பேர் அதில் இருக்காங்க. இப்போ நினைச்சுப் பாருங்க, அந்தப் பசங்களோட அதே கோட்டில் ஆனந்தன் வந்து நிக்கறார், விசில் ஊதறாங்க, நானூறு மீட்டரில் ரெண்டு ஸ்டார் வாங்கற பையன் இன்னும் கடைசி நேர்கோட்டில் மூச்சு வாங்கிக்கிட்டு வரும்போது ஆனந்தன் முடிச்சுட்டு, பதினாறு நொடியா நின்னு அவனுக்காகக் கை தட்டிக்கிட்டு இருப்பார்! இதை எங்க ஊர் மைதானத்தில் அந்தப் பசங்ககிட்டே சொன்னப்போ ஒருத்தனும் நம்பலை, போனைக் காட்டினேன், அதுக்கப்புறம் ஒருத்தனும் பேசலை, ஷூ கயிற்றை இறுக்கிக்கிட்டு மறுபடி ஓடப் போயிட்டாங்க.

கதையை முதலில் இருந்து சொல்லணும். 2008. காஷ்மீரில் குப்வாரா, பாகிஸ்தானை ஒட்டின எல்லைக் கோட்டுப் பக்கம். ரோந்துப் பணி. பூமிக்குள்ளே கண்ணிவெடி. அவ்வளவுதான், ஒரு அடி எடுத்து வைக்கிற நேரம், இடது கால் போச்சு. இதைப் படிக்கும்போது எனக்கு எப்பவும் அதே படையைச் சேர்ந்த இன்னொருத்தர் ஞாபகத்துக்கு வருவார். மெட்ராஸ் சாப்பர்ஸ் படையின் சுபேதார் சுப்ரமணியன், 1944-இல் இத்தாலியில், கண்ணிவெடி ஒண்ணு வெடிக்கப் போகுதுன்னு தெரிஞ்ச நொடியில் கூட இருந்தவங்களைக் காப்பாத்த அதன் மேலேயே விழுந்து உயிரை விட்டவர், ஜார்ஜ் கிராஸ் பதக்கம் பெற்ற முதல் இந்தியர். பெங்களூரில் அல்சூர் ஏரிக்கரையில்தான் அந்தப் படையின் தலைமையிடம், நம்ம ஓசூரிலிருந்து ஒரு மணி நேரம், ஒன்றரை மணி நேரம். அந்தப் படை வீரர்களை ராணுவம் முழுக்க ‘தம்பி’ன்னுதான் கூப்பிடுவாங்க, பஞ்சாபிகூட தம்பின்னுதான் கூப்பிடுவார். பாலம் கட்டறதும் கண்ணிவெடி எடுக்கறதும் வழி போடறதும் இந்தத் தம்பிகளோட வேலை. மத்தவங்க நடக்கறதுக்கு முன்னாடி மண்ணை மிதிக்கிற வேலை! அந்த வேலையில் இருந்த ஒரு தம்பிக்குத்தான் கால் போச்சு, அந்தத் தம்பிதான் அதுக்கப்புறம் ஓடினார்.

காலிழந்த ராணுவ வீரர்களுக்குப் புனேயில் ஒரு இடம் இருக்கு, செயற்கைக் கால் மையம், 1944-இல் ஆரம்பிச்சது, உலகப் போரில் கால் போய் வந்தவங்களுக்காக. இந்த மாதிரி இடத்தில் ஒருத்தருக்குச் செயற்கைக் கால் கிடைக்கிறதுன்னா கடையில் செருப்பு வாங்கற வேலை கிடையாது. மீதி இருக்கிற காலுக்கு மாவுக்கட்டுப் போட்டு அச்செடுக்கணும், அந்த அச்சில் கூடு செய்யணும், கூட்டுக்குள்ளே சிலிக்கான் உறை போட்டு மீதிக் காலை நுழைக்கணும், எங்கேயாவது ஒரு நூல் அளவு உரசினாலும் தோல் உரிஞ்சு புண்ணாகிடும், புண்ணானா வாரக்கணக்கில் கால் மாட்ட முடியாது. காலையில் இருந்த அளவு சாயங்காலம் இருக்காது, வெயிலில் வீங்கும், நடந்தா சுருங்கும். இதையெல்லாம் தாண்டி முதல் நாள் ரெண்டு கம்பிக்கு நடுவில் நின்னு நாலு எட்டு வைக்கிறதே பெரிய சாதனை. எங்க அம்மா அந்தக் காலத்தில் ‘மயூரி’ படம் பார்த்துட்டு ஓன்னு அழுதவங்க. 1981-இல் திருச்சி பக்கம் பஸ் விபத்தில் காலை இழந்த சுதா சந்திரன், ஜெய்ப்பூர் கால் மாட்டிக்கிட்டு மறுபடி பரதநாட்டியம் ஆடினதுதான் அந்தப் படம், அவங்களே அதில் நடிச்சாங்க. அந்த ஜெய்ப்பூர் கால் இருக்கே, நம்ம நாட்டுக்காகவே பிறந்தது, ராம்சந்திர சர்மாங்கற கைவினைக் கலைஞரும் டாக்டர் பி.கே.சேத்தியும் சேர்ந்து ரப்பரில் உண்டாக்கினது, அதோட சம்மணம் போட்டு உட்காரலாம், வெறுங்காலா நடக்கலாம், சேத்து வயலில் இறங்கலாம். எல்லாம் செய்யும். ஆனா பறக்காது.

பறக்கிறதுக்கு ஒண்ணு வேணும். அதுக்குத்தான் பிளேடு!

ஐயோ, இந்தப் பிளேடைப் பத்திப் பேச ஆரம்பிச்சா நான் நிறுத்த மாட்டேன், முன்னாடியே சொல்லிட்டேன். வான் பிலிப்ஸ்னு ஒரு அமெரிக்கர், 21 வயசில், 1976-இல், தண்ணீர்ச் சறுக்கு விளையாடும்போது படகு மோதிக் காலை இழந்தவர். டாக்டர் கொடுத்த கட்டைக் காலைப் பார்த்துட்டு, மனுஷன் நிலாவுக்குப் போயிட்டான், எனக்கு ஒரு நல்ல கால் செய்ய முடியாதான்னு கொதிச்சுப்போய், தானே அந்தப் படிப்பைப் படிச்சு, தானே செஞ்சார். மனுஷப் பாதம் மாதிரியே செய்யணும்னு மத்தவங்க குதிகால், விரல்னு மெனக்கெட்டுக்கிட்டு இருந்தப்போ, இவர் பாதம் எப்படி இருக்குங்கறதை விட்டுட்டுப் பாதம் என்ன செய்யுதுங்கறதைப் பார்த்தார். சிறுத்தையோட பின்னங்காலைப் பார்த்தார். வளைஞ்சு கிடக்கிற ஒரே பட்டை, கார்பன் ஃபைபர் துணியைப் பசையில் ஊற வச்சு அடுக்கடுக்கா அச்சில் ஒட்டிச் சூடேத்தி இறுக்கினது. குதிகால் கிடையாது! அதனாலே அதை மாட்டிக்கிட்டு ஒரு இடத்தில் சும்மா நிக்க முடியாது தெரியுமா, முன்னே பின்னே ஆடிக்கிட்டே இருக்கணும், ஓடறதுக்கு மட்டுமே பிறந்த கால் அது. எங்க ஓசூர்ப் பக்கம் லாரி அடியில் படுத்து வேலை செய்யறவங்களுக்கு ஒரு வார்த்தையில் சொல்லிடலாம், பின் சக்கரத்துக்கு மேலே அடுக்கி வச்சிருக்கிற பிளேடு ஸ்பிரிங் இருக்கே, பாரம் ஏறினா நிமிர்ந்து, பாரம் இறங்கினா வளையுதே, அதேதான், ஒரு மனுஷனோட எடைக்குச் செஞ்சது.

எல்லாரும் ஒண்ணு சொல்லுவாங்க, நானும் கேட்டுக் கேட்டுக் காது புளிச்சுப் போச்சு: ‘ஸ்பிரிங் இருக்கு, தூக்கி விடுது, ஓடறான், இதில் என்ன?’ அட, ஸ்பிரிங் தானா எதையும் தராதுங்க! நீங்க எவ்வளவு அமுக்கறீங்களோ அதைத்தான் திருப்பித் தரும், அதிலும் கொஞ்சம் பிடிச்சுக்கிட்டுத்தான் தரும். உங்க கெண்டைக்கால் சதை ஒவ்வொரு எட்டுக்கும் புதுசா விசை உண்டாக்குது, அவருக்கு அந்தச் சதையே கிடையாது, கணுக்கால் கிடையாது. அமுக்கறது யாரு? தொடையும் இடுப்பும். அதிலும் ஆனந்தன் மாதிரி ஒத்தைக் காலில் பிளேடு மாட்டறவங்க நிலைமையைக் கேளுங்க, ஒரு பக்கம் சதையும் நரம்பும், இன்னொரு பக்கம் கார்பன், ரெண்டுக்கும் ரெண்டு குணம், ஒண்ணு கூப்பிட்டா வரும், இன்னொண்ணு அதன் நேரத்துக்குத்தான் வரும், இந்த ரெண்டையும் ஒரே தாளத்துக்குக் கொண்டு வரணும், நொடிக்கு நாலு எட்டு! துப்பாக்கி வெடிச்ச முதல் பத்து மீட்டரில் பிளேடு கிட்டத்தட்ட சும்மா, அமுங்கவே வேகம் வேணும், அதனாலே புறப்படும்போது பின்தங்கித்தான் புறப்படணும், அப்புறம் நிமிர்ந்து வேகம் பிடிக்கும்போதுதான் அது பாடும்.

பாடும்னு சும்மா சொல்லலை, காதாலே கேட்டேன். 2025 பிப்ரவரியில் சென்னை ஜவஹர்லால் நேரு ஸ்டேடியத்தில் தேசிய பாரா தடகளப் போட்டி நடந்துச்சு, நாலு நாள். கம்பெனியில் லீவு சொல்லிட்டு, ராத்திரி பஸ் ஏறி, கோயம்பேட்டில் முகம் கழுவிட்டு நேரா போயிட்டேன். டிக்கெட் கேட்கலை, கூட்டமும் இல்லை, எங்கே வேணும்னாலும் உட்காரலாம்! ஆனந்தன் ஓடினாலும் ஓடாவிட்டாலும் பரவாயில்லை, அந்தக் காலை நேரில் பார்க்கணும், அவ்வளவுதான் எனக்கு வெறி. வார்ம்-அப் மைதானம் பக்கமா கம்பி வேலியில் முகத்தை வச்சு நின்னேன். ஒரு பையன், இருபத்தஞ்சு வயசு இருக்கும், நிழலில் தரையில் உட்கார்ந்திருந்தான். நடக்கிற காலைக் கழட்டினான். உறையைச் சுருட்டி உருவினான், உள்ளே இருந்து வேர்வை வழிஞ்சுது, நிஜமாவே ஊத்தினான், தரையில் சின்னதா ஒரு ஈரவட்டம். துண்டாலே மீதிக் காலைத் தட்டித் தட்டி ஈரம் எடுத்தான், தேய்க்கலை, தேய்ச்சா தோல் போயிடும் போல. புது உறையை அடியில் இருந்து விரிச்சுக்கிட்டே மேலே ஏத்தினான், காத்து ஒரு குமிழிகூட உள்ளே நிக்காத மாதிரி. அப்புறம் பையில் இருந்து அதை எடுத்தான். கறுப்பு. பளபளப்பு. அடியில் ஷூவின் ஆணித் தகட்டை மட்டும் வெட்டி ஒட்டியிருந்தாங்க. மாட்டினான், எழுந்தான், ரெண்டு தடவை குதிச்சான், ‘கிளிக்’னு ஒரு சத்தம் கேட்டுது, அவன் முகமே மாறிப் போச்சுங்க, அதுவரைக்கும் சோர்ந்து உட்கார்ந்திருந்த பையன் அவன் இல்லை!

அப்புறம் ஓட்டம். நினைச்சுப் பாருங்க, பிப்ரவரி வெயில், நீலமும் சிவப்புமா கொடிகள், தார் உருகற வாசனை மாதிரி அந்தச் சிந்தெடிக் பாதையில் இருந்து ஒரு சூடு மேலே வருது, எட்டுப் பேர் குனியறாங்க, பிளேடு கட்டை மேலே ஊனி வளைஞ்சு நிக்குது, வேலிக்கு இந்தப் பக்கம் நான் மூச்சை நிறுத்திட்டேன், எதுக்கு நிறுத்தினேன்னு கேட்காதீங்க, நானா ஓடப் போறேன், ஆனா என் தொடை ரெண்டும் நடுங்குது, வெடிச்சுது துப்பாக்கி! முதல் அஞ்சு எட்டு ஒரே குழப்பம், தோளும் கையும்தான் தெரியுது, அப்புறம், அப்புறம் அந்தச் சத்தம், ஒரு காலுக்குச் சரக், ஒரு காலுக்கு டக், சரக் டக் சரக் டக், நெருங்க நெருங்க ரெண்டும் ஒண்ணாக் கலந்து ஒரே அதிர்வா, எட்டுப் பேரோட சத்தமும் சேர்ந்து என் பக்கத்துக் கம்பி வேலியே அதிருது, என் முன்னாடி கடந்து போறாங்க, ஒரு கணம், ஒரே ஒரு கணம், பிளேடு முழுசா அமுங்கி நிக்கிறதை நான் பார்த்தேன், அடுத்த கணம் அவன் தரையிலேயே இல்லை, காத்தில் இருக்கான், நான் கத்தறேன், யார் பேரும் தெரியாது, எந்த மாநிலம்னும் தெரியாது, ‘ஓடு ஓடு ஓடு’ன்னு தமிழில் கத்தறேன், பக்கத்தில் ஒரு ஹரியானா பெரியவர் இந்தியில் கத்தறார், முடிஞ்சப்போ ரெண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் கட்டிப் பிடிச்சுக்கிட்டு நிக்கறோம், அவர் மகனா ஜெயிச்சான், என் தம்பியா ஜெயிச்சான், ரெண்டும் இல்லை, ஆனா கண்ணில் தண்ணி நிக்கலை. இந்தப் பைத்தியத்துக்கு நான் வெட்கப்படவே இல்லை, நாளைக்கு நடந்தாலும் இதையேதான் செய்வேன்.

அன்னிக்கு இருநூறு மீட்டர் பார்க்கும்போதுதான் ஆனந்தனோட 24.31 எப்படிப்பட்ட நம்பர்னு எனக்கு உறைச்சுது. இருநூறில் முதல் பாதி வளைவு. தடகளப் பாதையில் எப்பவும் இடப்பக்கமாத்தான் திரும்பி ஓடணும், அப்படின்னா உடம்பு முழுக்க இடது பக்கம் சாயும், உள்பக்கமா இருக்கிற இடது கால்தான் அந்தச் சாய்வைத் தாங்கணும். ஆனந்தனுக்குப் போனது எந்தக் கால்? இடது! அமெரிக்காவில் கொலராடோ பல்கலைக்கழகத்து ஆய்வாளர்கள் இதை ஓட வச்சு அளந்தே பார்த்திருக்காங்க, பிளேடு மாட்டின கால் வளைவின் உள்பக்கம் வந்தா வேகம் குறையுது, வெளிப்பக்கம் வந்தா அந்த அளவுக்குக் குறையறதில்லை. வலது கால் போனவருக்கு வளைவு கொஞ்சம் தயவு காட்டும், இடது கால் போனவருக்குக் காட்டாது. விதி இப்படி, பாதை இப்படி, இவர் என்ன பண்ணினார்? அந்த வளைவை எடுத்தார், கொலம்பியாவைப் பின்னாடி விட்டார், தங்கத்தோட வந்தார்! நானூறில் ரெண்டு வளைவு, அதிலும் தங்கம்! அதுக்கு முந்தின வருஷம், 2018-இல், ஜகார்த்தாவில் நடந்த ஆசிய பாரா விளையாட்டிலும் பதக்கத்தோடதான் திரும்பினார், அப்பவே நாம கொண்டாடியிருக்கணும், விட்டுட்டோம். கொரோனாவுக்கு அப்புறம் உலகத்தில் யார்கிட்டே வூகான்னு சொன்னாலும் முகம் சுளிப்பாங்க. எனக்கு அந்தப் பேரைக் கேட்டா இப்பவும் மூணு தங்கம்தான்.

உலக அளவில் இதைவிட வேகமா ஓடறவங்க இருக்காங்கதான். ஜெர்மனிக்காரர் யோஹன்னஸ் ஃப்ளோர்ஸ், ரெண்டு காலிலும் பிளேடு, 2019-இல் துபாயில் நூறு மீட்டரை 10.54 நொடியில் ஓடினார். பதினாறு வயசில், வலிக்கிற காலோட வாழ்றதைவிட எடுத்துடுங்கன்னு தானே முடிவு பண்ணினவர் அவர், அவருக்கும் என் சலாம். ஆனந்தன் அந்தக் கணக்கில் இல்லை, சரி, இல்லை. அதனால என்ன? கண்ணிவெடியில் கால் போன பிறகும் ஓடினவர் நம்ம ஆளு!

பிளேடு ஓட்டம்னா எல்லாருக்கும் ஞாபகம் வர்ற பேரு ஒண்ணு இருக்கு, அதையும் சொல்லாம விட முடியாது. தென்னாப்பிரிக்காவின் ஆஸ்கர் பிஸ்டோரியஸ். பதினோரு மாசக் குழந்தையா இருந்தப்பவே ரெண்டு காலையும் எடுத்துட்டாங்க. பிளேடு அவருக்குச் சாதகம்னு சொல்லி 2008-இல் உலகத் தடகள சங்கம் தடை போட்டுச்சு, அதே வருஷம் மே மாசம் விளையாட்டுக்கான சர்வதேச நீதிமன்றம் அந்தத் தடையை உடைச்சுது. 2012 லண்டன் ஒலிம்பிக், பாராலிம்பிக் இல்லைங்க, ஒலிம்பிக்! நானூறு மீட்டர் முதல் சுற்றில் 45.44 நொடி, ரெண்டாவது இடம். அன்னிக்குப் பாலிடெக்னிக் ஹாஸ்டல் டிவி அறையில் நாங்க பெஞ்சு மேலே ஏறி நின்னு பார்த்தோம். அரையிறுதியில் கடைசியா வந்தார், ஆனா ஓடி முடிச்ச உடனே கிரெனடாவின் கிரானி ஜேம்ஸ், உலக சாம்பியன், அவர்கிட்டே வந்து நெஞ்சில் குத்தியிருந்த பேர்ச் சீட்டைக் கழட்டி மாத்திக்கிட்டார், அந்தக் காட்சியை மறக்கவே முடியாது. அடுத்த பிப்ரவரி 14-ஆம் தேதி அந்த மனுஷன் தன் காதலி ரீவா ஸ்டீன்கேம்பைச் சுட்டுக் கொன்னார். கொலைக் குற்றவாளின்னு தீர்ப்பாச்சு, ஜெயிலுக்குப் போனார், 2024 ஜனவரியில்தான் பரோலில் வெளியே வந்தார். அதுக்கப்புறம் அந்தப் பேரைச் சந்தோஷமா உச்சரிக்க எனக்கு நாக்கு வரலை, பிளேடு ஓட்டத்தையே கொஞ்ச வருஷம் பார்க்காம இருந்தேன், மனசு அப்படி வெறுத்துப் போச்சு. மறுபடி பார்க்க வச்சது ஆனந்தன். அந்தக் கம்பெனி பஸ் ராத்திரிக்கு நான் கடன்பட்டிருக்கேன், ஓட்டத்தின் மேலே இருந்த காதலை அது எனக்குத் திருப்பிக் கொடுத்துச்சு.

இதை ஏன் நம்ம பக்கத்து ஜனங்ககிட்டே இவ்வளவு அழுத்தி அழுத்திச் சொல்றேன்னா, நம்ம பக்கம்தான் கேட்கணும். கிருஷ்ணகிரிக்கும் ஓசூருக்கும் நடுவே அந்த ஹைவேயில் பைக் விபத்து இல்லாத வாரம் உண்டா? பிரஸ் மெஷினில், கல் குவாரியில் கையும் காலும் கொடுத்தவங்க இல்லாத ஊர் உண்டா? எங்க பக்கத்து ஊரிலேயே ஒரு பையன், ஐடிஐ படிச்சவன், லாரி மோதி முழங்காலுக்குக் கீழே போச்சு, வீட்டுத் திண்ணையை விட்டு எழுந்திருக்கவே மாட்டேன்னு இருந்தான். வர்றவங்க போறவங்க எல்லாம் ‘பாவம்’னு ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போறதே அவனுக்குப் பெரிய வலி. நான் போய் ஆனந்தன் கதையைச் சொன்னேன், வழக்கம் போல மூச்சு விடாம சொன்னேன், அவன் கேட்டது ஒண்ணே ஒண்ணு: ‘அண்ணா, அவருக்கு முழங்கால் இருக்கா?’ இருக்குடான்னேன். ‘எனக்கும் இருக்கு’ன்னான். எனக்கு அதுக்கு மேலே பேச வரலை.

நம்ம மண்ணுக்கு இது புதுசும் இல்லை. உயரம் குறைவானவங்க பிரிவில் 2024 பாரிஸ் பாராலிம்பிக்கில் பேட்மின்டன் வெண்கலம் வாங்கின நித்ய ஸ்ரீ சிவன் நம்ம ஓசூர்ப் பொண்ணு! தர்மபுரி தாண்டினா ஓமலூர்ப் பக்கம் பெரியவடகம்பட்டி, அஞ்சு வயசில் பஸ் ஏறி நசுங்கின காலோட ரியோவில் 1.89 மீட்டர் தாண்டித் தங்கம், டோக்கியோவில் வெள்ளி, பாரிஸில் வெண்கலம்னு மூணு பாராலிம்பிக்கிலும் பதக்கம் வாங்கின மாரியப்பன் தங்கவேலு ஊர் அது. வடக்கே போனா ராணுவ மேஜர் டி.பி.சிங், 1999 கார்கில் சண்டையில் குண்டு விழுந்து கால் போனவர், பிளேடு மாட்டி மாரத்தான் மாரத்தானா ஓடி, தன்னை மாதிரி கால் போனவங்களைத் தேடித் தேடி ஓட வச்சவர். இவங்க எல்லாரையும் பத்தி இதே மாதிரி தனித்தனியா எழுதணும், எழுதுவேன், ஆனா இன்னிக்கு ஆனந்தனுக்குத்தான்.

பிளேடு விலை அதிகம்தான், லட்சக்கணக்கில் ஆகுது, மறுக்கலை. ஒரு ஏழை வீட்டுப் பையனுக்கு அது எட்டாத விலை, ராணுவத்துக்கு இருக்கிற வசதி எல்லாருக்கும் இல்லை. அதுக்குத்தான் கம்பெனிகள் இருக்கு, நம்ம சிப்காட் முழுக்கக் கம்பெனிதானே, சமூகப் பொறுப்பு நிதின்னு வருஷா வருஷம் ஒதுக்கறாங்களே, நிழற்குடையும் குப்பைத் தொட்டியும் வைக்கறாங்களே, அதில் ஒரு வருஷப் பணத்தை எடுத்து ரெண்டு பசங்களுக்குப் பிளேடு வாங்கித் தரட்டும். எங்க யூனியன் கூட்டத்தில் நான் எழுந்து கேட்டேன், இன்னும் கேட்பேன், நீங்களும் உங்க கம்பெனியில் கேளுங்க.

அப்புறம் ஒரு வேண்டுகோள். பெங்களூர் கண்டீரவா ஸ்டேடியத்தில் பாரா தடகளப் போட்டி அடிக்கடி நடக்குது, 2021-இல் தேசியப் போட்டியே அங்கேதான் நடந்துச்சு. கிருஷ்ணகிரியில் பஸ் ஏறினா ரெண்டு மணி நேரம். அடுத்த தடவை அறிவிப்பு வந்ததும் வாங்க, நானும் வரேன். உங்க தெருவில் திண்ணையில் உட்கார்ந்திருக்கிற ஒரு பையன் இருந்தா அவனைக் கண்டிப்பா கூட்டிக்கிட்டு வாங்க, மேல் வரிசையில் உட்கார வச்சுடாதீங்க, கீழே, வளைவுக்குப் பக்கத்தில் இடம் பிடிச்சுக் கொடுங்க, அங்கேதான் பிளேடு சத்தம் நல்லாக் கேட்கும்.